கப்பல் கவிழ்ந்த இங்கிலீஷும் கன்னத்தில் கை வைத்த நாமும்

நம் காலத்து மாணவர்களுக்கு ஜெனரல் இங்கிலீஷ் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "கீழ்க்கண்ட தொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். வரிசையாகப் பார்த்தால் யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டு முழிப்பதாகவே இருக்கும். 'அட் சீ', 'ஹை அண்ட் ட்ரை', 'டேக்கன் அபேக்', 'ஆன் தி ராக்ஸ்', 'டச் அண்ட் கோ', 'இன் தி டோல்ட்ரம்ஸ்'. வெள்ளைக்காரனுக்கு இத்தனை தினுசாகவா கஷ்டம் வரும் என்று கேலி செய்துகொண்டே, பழைய புத்தகக் கடை நோட்ஸை வைத்து நெட்டுரு போடுவோம். பரீட்சை முடிந்த சாயங்காலமே எல்லாம் மறந்துபோகும்.

இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை கப்பல்காரன் பேச்சு என்று ஒருவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் நம்மில் பாதிப் பேர் நோட்ஸே வாங்கியிருக்க மாட்டோம். வகுப்பில் உட்கார்ந்திருந்த பலருக்கு அப்பா துறைமுகத்தில் வின்ச் டிரைவர், டாலி கிளார்க், கலாசி. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூர்க் குப்பங்களிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்தவர்களுக்குக் கடல்தான் வாசல். நோட்ஸில் பார்த்து நாம் மனப்பாடம் செய்ததை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

எங்கள் செட்டில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், இந்த விழாவுக்கு வந்தாலும் வருவான். அப்பா கலாசி. இவன் பி.காம். முதல் வகுப்பு. ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. 'ஒரு வியாபாரம் ஆன் தி ராக்ஸ் என்றால் என்ன?' என்று கேட்டிருக்கிறார்கள். "பாறை மேல ஏறிடுச்சு சார்" என்றான். உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். வேலை கிடைக்காதது கூடப் பெரிதில்லை, அந்தச் சிரிப்புத்தான் அவனை அடித்துப்போட்டது. அதற்கப்புறம் இங்கிலீஷ் பேச வேண்டிய எந்த அறைக்குள்ளும் அவன் நுழையவில்லை. அவன் சொன்னதில் என்ன தப்பு? பாறைமேல் ஏறிய கப்பல் என்பதுதான் அந்தத் தொடரின் மூல அர்த்தம். சிரித்தவர்களுக்கு நிழல் மட்டும் தெரியும். இவன் பொருளையே சொன்னான்.

அவனுக்காகவும், அவனைப் போல இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காகவும் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பார்ப்போம். 1639-ல் கம்பெனிக்காரன் இடம் வாங்கினான், அடுத்த வருஷம் கோட்டை வேலை தொடங்கியது. அன்றிலிருந்து இருநூற்று முப்பது வருஷத்துக்கு மேல் மெட்ராஸுக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அந்த இடத்துக்கு 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்று பெயர். கடலில் என்ன ரோடு என்று கேட்காதீர்கள், கப்பல் பாஷையில் நங்கூரமிடும் திறந்த கடலுக்கு அதுதான் பெயர். ஆளோ சரக்கோ கரைக்கு வரவேண்டுமானால் மசூலாப் படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்த படகு, ஒரு ஆணி கிடையாது. ஆணி அடித்த படகை அலை தூக்கித் தரையில் போட்டால் பிளந்துவிடும், தைத்தது வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், படகு கவிழ்ந்தால் துரையையும் துரைசானியையும் தண்ணீரிலிருந்து பொறுக்கி எடுப்பதற்கு. கவர்னரானாலும் கிளார்க்கானாலும் இந்த ஊர் மண்ணில் கால் வைக்கும்முன் நம் படகுக்காரர்கள் கையில் உயிரைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

'டச் அண்ட் கோ' இங்கே அன்றாட நிகழ்ச்சி. அட்மிரல் ஸ்மித் என்பவர் தொகுத்து 1867-ல் வெளியான கப்பற்சொல் அகராதியில் இந்தத் தொடர் இருக்கிறது. கப்பலின் அடிக்கட்டை தரையை உரசியும் நின்றுவிடாமல் வேகம் குறையாமல் போய்விடுவது. உரசியது, ஆனால் போய்விட்டது. மயிரிழையில் தப்பியது என்கிற அர்த்தம் அப்படி வந்தது என்பார்கள். கரையோர மணல் திட்டைத் தாண்டும் ஒவ்வொரு மசூலாப் படகுக்கும் இதே கதைதான்.

புயல் வந்தால் ரோட்ஸில் நிற்கும் கப்பலுக்கு ஒதுங்க இடம் இல்லை. கரையில் இருப்பதைவிட நடுக்கடலே பத்திரம். கரையில் அபாயக் கொடி ஏறியதும் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. வடத்தைக் கோடாலியால் வெட்டிவிட்டுப் பாயை விரித்துக் கடலுக்குள் ஓடவேண்டும். 'கட் அண்ட் ரன்' என்பது இதுதான். இன்றைக்குப் பார்ட்னரை மாட்டிவிட்டு ஓடுகிறவனுக்கு இந்தத் தொடரைச் சொல்கிறோம். ஆனால் மூலத்தில் அது கோழைத்தனம் அல்ல, கெட்டிக்காரத்தனம். வெட்டாமல் நின்றவன் கதியைப் பாருங்கள். 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே மெட்ராஸைப் பிடித்தார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, அக்டோபர் புயல் வந்து ரோட்ஸில் நின்ற அவருடைய கப்பல்கள் சிலவற்றை முழுக்கியது, பலவற்றின் பாய்மரங்களை முறித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோட்டையைப் பிடித்தவனைக் காற்று பிடித்துக்கொண்டது.

பாய்மரம் முறிந்து கப்பலின் பக்கவாட்டில் விழுவதற்கும் தொடர் உண்டு: 'கோ பை தி போர்டு'. போர்டு என்றால் இங்கே கப்பலின் விலா. நல்ல திட்டம் ஒன்று கைவிடப்பட்டால் அப்படிச் சொல்வார்கள். கப்பல் ஒருக்களித்துச் சாய்ந்து, தளத்தைத் தாங்கும் குறுக்கு உத்தரங்கள் செங்குத்தாக நின்றுவிட்டால் 'ஆன் ஹெர் பீம் எண்ட்ஸ்'. மனுஷனுக்குச் சொன்னால் கையில் காலணா இல்லாத நிலை. நோட்ஸில் 'ஏழ்மை' என்று ஒரே வார்த்தையில் போட்டிருப்பான். சாய்ந்த கப்பலை நினைத்துப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

'டேக்கன் அபேக்' என்பதும் காற்றின் வேலைதான். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த காற்று திடீரெனத் திசை மாறிப் பாயின் முன்பக்கம் அடித்தால், பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கப்பல் அப்படியே நின்றுவிடும், பின்னாலும் நகரும், மரம் முறிந்தாலும் முறியும். மாலுமி ஒரு கணம் திகைத்துப் போவான். திகைப்பு கப்பலுக்கா மாலுமிக்கா என்ற வித்தியாசம் காலப்போக்கில் அழிந்துவிட்டது.

'ஹை அண்ட் ட்ரை'யை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கடல் கொண்டுவந்து தூக்கிப் போட்டுவிட்டுத் தான் மட்டும் விலகிப்போனபின், உயரத்தில், காய்ந்து நிற்கும் கப்பலின் நிலை அது. கூட்டிக்கொண்டு வந்தவன் பாதியில் கைவிட்டுப் போனால் மனுஷனுக்கும் அதே பெயர். இங்கிலாந்து போன்ற இடங்களில் வற்று கடலில் தரை தட்டிய கப்பல் அடுத்த ஏற்றத்தில் மிதந்தாலும் மிதக்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். புயல் அலை ஏற்றிவிட்டுப் போனால் போனதுதான். 1966 நவம்பரில் ஸ்டமாடிஸ் என்ற கப்பல் புயலில் சிக்கி மெரினாக் கரையில் ஏறியது. திரும்பக் கடலுக்குப் போகவே இல்லை. அதன் எலும்புக்கூடு வெகு வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்து குளிக்கப் போனவர்களைக் காவு வாங்கியது.

2012 அக்டோபர் 31-ஆம் தேதி நிலம் புயலன்று பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல், நம் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்தது, நங்கூரம் பிடிக்காமல் தெற்கே அடித்துச் செல்லப்பட்டுப் பெசன்ட் நகர்ப் பக்கம் தரை தட்டியது. பயந்துபோய் உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் ஆறு பேர் இறந்தார்கள். கப்பலிலேயே தங்கியவர்கள் பிழைத்தார்கள். மறுநாள் முதல் ஊரே திரண்டு போய்க் குடும்பத்தோடு வேடிக்கை பார்த்தது, சுண்டல் வியாபாரம் அமோகம். நவம்பர் 11-ஆம் தேதிதான் கப்பலை இழுத்து மிதக்கவிட்டார்கள். இனிமேல் வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னால் இந்தக் கப்பலை எழுதுங்கள்.

துறைமுகம் கட்டியதும் கஷ்டம் தீர்ந்ததா? 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டினார். என்ஜினீயர் பார்க்ஸ் இரண்டு பெரிய கரங்கள் போல அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார். 1881 நவம்பரில் புயல் வந்து கட்டியதில் பெரும்பகுதியைக் கலைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவருக்கு இன்னொரு குணம் இருந்தது. நம் கடலோரத்தில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்தது. மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமாயிற்று, 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அதற்கு இத்தாலிய பாணியில் பெயரும் வைத்தார். வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் தெருத்தெருவாகத் தின்றது. 'லூஸ் கிரவுண்ட்' என்பதற்கு அகராதி 'பின்னடைவு' என்று சொல்லும். நம் பக்கத்து ஆளைக் கேட்டால், தன் தாத்தா வீடு இருந்த இடம் என்று அலையைக் காட்டுவார். அவர்களுக்கு பீச், நமக்குக் கருங்கல். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

குடிபோதைக்கும் கப்பலில் தொடர் இருக்கிறது. 'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்'. ஷீட் என்றால் துணி என்று நினைத்து மூன்று பாய் என்று பெயர்ப்பவர்கள் உண்டு. ஷீட் என்பது பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு, நம்மவர்கள் தாமான் என்பார்கள். மூன்று தாமானும் அவிழ்ந்து காற்றில் ஆடினால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். பக்கத்துத் தெரு ஆசாமி சனிக்கிழமை இரவு வருவது போல. 'க்ராகி' என்ற சொல்லும் அந்த வழிதான். 1740-ல் அட்மிரல் வெர்னன் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்க உத்தரவு போட்டார். அவர் போட்டிருந்த க்ரோக்ரம் துணிக் கோட்டால் அவருக்குப் பட்டப்பெயர் ஓல்ட் க்ராக். கலப்பட ரம் க்ராக் ஆனது, அதைக் குடித்தவன் க்ராகி ஆனான். இன்றைக்குத் தூக்கம் கலையாத கலெக்டரும் தன்னை க்ராகி என்று சொல்லிக்கொள்ளலாம்.

'அட் சீ' என்பதை விட்டுவிடக் கூடாது. நாலா பக்கமும் தண்ணீர், எங்கே இருக்கிறோம் என்று தெரியாத நிலை. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்கிடத் துல்லியமான கடிகாரம் வேண்டும். 1786-ல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவரின் சொந்த முயற்சியாகத் தொடங்கி 1792-ல் நுங்கம்பாக்கத்துக்குப் போன மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் நோக்கங்களில் கப்பல் ஓட்டத்துக்கு உதவுவதும் ஒன்று. கடலில் திசை தெரியாமல் முழித்தவனுக்கு வழிசொல்ல நம் ஊரில் நட்சத்திரம் பார்த்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புரியாத தொடரையெல்லாம் கப்பலில் ஏற்றிவிடுவது ஒரு வியாதி, அறிவாளிகளுக்கும் வரும். 'போஷ்' என்ற சொல், இந்தியாவுக்கு வரும் கப்பலில் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று பணக்காரர்கள் அறை பிடித்ததன் முதலெழுத்துக்கள் என்பார்கள். அப்படி முத்திரை போட்ட ஒரு டிக்கெட்டும் அகப்பட்டதில்லை. 'பிட்வீன் தி டெவில் அண்ட் தி டீப் சீ'யில் வரும் டெவில், கப்பல் பலகையின் ஒரு இடுக்குக்குப் பெயர் என்பார்கள். அந்த இடுக்குப் பெயர் ஏடுகளில் பதிவாவதற்கு வெகுகாலம் முன்பே தொடர் புழக்கத்தில் இருக்கிறது, ஆகவே அது அசல் பிசாசாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, மறுபக்கம் வீட்டை இடிக்கும் அலை என்று வாழும் எண்ணூர் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 'டோல்ட்ரம்ஸ்' இன்னும் வேடிக்கை. பூமத்தியரேகை அருகே காற்றில்லாத கடற்பகுதிக்கு அந்தப் பெயர் இருந்ததால் மனச்சோர்வுக்கும் வந்தது என்றுதான் எல்லா நோட்ஸிலும் இருக்கும். நடந்தது தலைகீழ். சோர்வுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கப்பல்காரர்கள் தங்கள் மனநிலையைக் கடலுக்கு வைத்தார்கள்.

சரி, நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது? கட்டுமரம் எல்லோருக்கும் தெரியும். வில்லியம் டாம்பியர் 1697-லேயே தன் பயணநூலில் எழுதிவிட்டார். தெரியாதது, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலீஷில் சண்டைக்காரப் பொம்பளையைக் 'கட்டமரான்' என்று திட்டினார்கள் என்பது. எந்த மாலுமி எந்தக் காசிமேட்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டானோ! மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் தேவ்லாலி என்று ஊர். சேவை முடிந்த சோல்ஜர்களை ஊருக்குத் திரும்பும் கப்பல் வரும்வரை அங்கே முகாமில் வைப்பார்கள். வெயில், வேலையின்மை, மாதக்கணக்கில் காத்திருப்பு. மண்டை குழம்பியவனை 'டூலாலி' என்றார்கள், இன்றும் இங்கிலாந்தில் பித்துப் பிடித்தவனுக்கு அதுதான் பெயர். யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளியான ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியைப் புரட்டினால், மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் நம் மெட்ராஸை 'இருளடைந்தது' என்று அழைத்ததும் கிடைக்கும். பர்னெல் இந்த மாகாணத்திலேயே உத்தியோகம் பார்த்தவர், மறைக்காமல் போட்டிருக்கிறார்.

இப்போது நம் பேச்சுக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் படகு வலித்தேன்.

ராயபுரத்தில் ஒரு தெருமுனையில் காது கொடுத்துக் கேளுங்கள். "பெரிய பொண்ணக் கரை சேத்துட்டேன்பா." "மார்வாடி கடைல வெச்ச நகை முழுகிப்பூடுச்சு." "ஆழம் தெரியாம கால வுட்டுட்டேன்." "கூட வந்தவன் நட்டாத்துல வுட்டுட்டான்." "வீட்டு வேல லிண்டல்ல தர தட்டி நிக்குது." கரை சேர்ப்பது, முழுகுவது, கால் விடுவது, நட்டாறு, தரை தட்டுவது. பேசுகிறவருக்குப் படகே இருக்காது, மின்வாரியத்தில் லைன்மேனாக இருப்பார். ஆனால் கஷ்டம் என்று வந்தால் வாயில் தண்ணீர்தான் வருகிறது. ஆட்சி கூட நமக்குக் கவிழத்தான் செய்கிறது, இடிந்து விழுவதில்லை. "கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்ற பழமொழிக்கு நிகராக அவர்கள் பட்டியலில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். கப்பல் கவிழ்வது முதலாளிக்கு நஷ்டம், கன்னத்தில் கை வைப்பது நமக்கு நஷ்டம்.

'அம்போன்னு வுட்டுட்டான்' என்கிறோமே, 'ஹை அண்ட் ட்ரை'க்கு இதைவிடக் கச்சிதமான பெயர்ப்பு இருக்கிறதா? எந்த அகராதிக்காரரும் போட மாட்டார், 'நிராதரவாக' என்று எழுதுவார்.

பேஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்தில் பேஸார் என்றால் சலிப்புற்ற, வெறுத்துப்போன என்று பொருள். உருது வழியாக இங்கே இறங்கி ஊரின் சகல துன்பத்துக்கும் ஒரே சொல் ஆகிவிட்டது. 

"இன்னாபா, டல்லா கீறே?" 

"ஊட்ல ஒரே பேஜாரு." 

கடன், காய்ச்சல், மாமியார், மழைத்தண்ணீர், எதுவாகவும் இருக்கலாம், கேட்டவருக்குப் புரிந்துவிடும். குஜால் என்பது குஷ்ஹால், நலமான நிலை. துட்டு டச்சுக்காரனின் டொய்ட் காசு. அவன் கோட்டை எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மேஸ்திரி போர்ச்சுகீசியர் கொடுத்தது. சுக்கான் அரபி. ஒரு வார்ஃபில் எத்தனை தேசத்துச் சரக்கு இறங்குமோ அத்தனை தேசத்துச் சொல்லும் இறங்கியது. இறக்கியவர்கள் நம் தாத்தாக்கள்.

என் ஆதங்கம் இதுதான். மாலுமி என்பவன் அந்தக் காலத்து இங்கிலாந்தில் மதிப்புக்குரிய ஆசாமி அல்ல. பலரைத் தெருவிலிருந்து கும்பல் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றினார்கள், தப்பு செய்தால் சவுக்கடி கொடுத்தார்கள். அவன் பேசிய கொச்சை பிரபுக்கள் வாய்க்குப் போனது, பாராளுமன்றத்துக்குப் போனது, கடைசியில் நம் கேள்வித்தாளில் ஐந்து மார்க்குக்கு வந்து உட்கார்ந்தது. அதே கப்பலின் மறுபக்கத்தில் நின்று மூட்டை இறக்கியவன் பேச்சுக்கு 'மெட்ராஸ் பாஷை' என்று பெயர், சினிமாவில் ரவுடிக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் எழுதித் தரும் வசனம். அவன் கூலிக்காரன் பேச்சு இடியம், நம் கூலிக்காரன் பேச்சு ஸ்லாங். இரண்டும் ஒரே தண்ணீரில் நனைந்தவை. அதற்காக நேர்முகத் தேர்வில் போய்ப் 'பேஜாரா கீது சார்' என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. இங்கிலீஷைப் படியுங்கள், நன்றாகவே படியுங்கள். சிரிக்கிறவர்களுக்கு முன்னால் கூசிக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள்.

நாம் கொடுத்த சொல்லும் ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று அரை மணி நேரம் போல குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரில் பாதி ஓடிப்போனது. ஆனால் தமிழ் அந்தக் கப்பலை விரட்டவில்லை, வீட்டுக்குள் வைத்துக்கொண்டது. சொல்லாமல் வந்து அடித்துவிட்டுப் போகும் கெட்டிக்காரனுக்கும், அடங்காத பிள்ளைக்கும், கண்டிப்பான அப்பாவுக்கும் 'எம்டன்' என்று பெயர் வந்தது. 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்' என்பது சினிமா பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த எம்டனின் முடிவு தெரியுமா? 1914 நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடி வாங்கி, மூழ்காமலிருக்கக் கேப்டன் முல்லர் தானே பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். 'ஆன் தி ராக்ஸ்' என்பதற்கு இதைவிட அசல் உதாரணம் இல்லை. "பாறை மேல ஏறிடுச்சு சார்."

கடைசியாக எண்ணூர். 'அப் தி க்ரீக்' என்று 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சிலிருந்து பரவிய தொடர் ஒன்று. துடுப்பில்லாமல் கழிக்குள் மாட்டிக்கொண்டவன் நிலை. எண்ணூர்க் கழிமுகத்துக்கும் இங்கிலீஷில் க்ரீக் என்றுதான் பெயர். அங்கே மீன், இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் குப்பங்களில் துடுப்புக்குப் பஞ்சமில்லை. கெட்டுப்போனது கழிதான். அனல்மின் நிலையச் சாம்பல் பல வருஷமாகக் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கசிந்த எண்ணெயை, பாரதியார் நகர், எர்ணாவூர்க் கரைகளில் ஆட்கள் பக்கெட்டில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போய்க் கரையில் கிடந்தன. அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் உரக் கம்பெனியின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். துடுப்பு கையில் இருந்தும் கழி இல்லாதவன் நிலைக்கு இங்கிலீஷில் தொடர் கிடையாது. அங்கிருந்து நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் யாராவது ஒன்றை உண்டாக்கினால் அடுத்த மலரில் போடச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்கிறேன். புயல் கூண்டு. ரேடியோவில் "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் வகுப்பில் வாத்தியார் முகத்தைப் பார்த்தே "மச்சான், இன்னிக்கு அஞ்சாம் நம்பர்" என்று கடைசி பெஞ்சுக்குச் செய்தி போய்விடும். பீஸ் கட்டாமல் வீட்டுக்குப் போகிற நாள் பத்தாம் நம்பர், மகா அபாயம். நிறையப் பேருக்குத் தெரியாது, பதினோராம் நம்பர் ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி நிலவரம் தெரிய வழியில்லை என்று அதற்கு அர்த்தம். வீடு மாறியும் போன் நம்பர் மாறியும் சங்கத்துக்குத் தெரிவிக்காத நண்பர்கள் பெயருக்கு நேரே நம் உறுப்பினர் பட்டியலில் அந்தக் கூண்டைத்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். விழா மண்டப வாசலில் ரிஜிஸ்டர் இருக்கும், பேனாவும் இருக்கும்.